வீட்டுத் தோட்டத்தில் தேனீக்களுக்காகத் தும்பை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தும்பையை யாரும் பெரும்பாலும் விதைத்து வளர்ப்பதில்லை. மழைக்குப் பிறகு தரிசில், வரப்பில், சாலையோரத்தில் தானாக முளைக்கும். களை என்று பிடுங்கிப் போடுவதுதான் வழக்கம். தேனீக்கும் பட்டாம்பூச்சிக்கும் ஏதாவது நட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் செடியைத்தான். சொன்னதும் வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எத்தனையோ அழகான பூச்செடிகள் இருக்கும்போது தும்பை எதற்கு?

நமக்கு அழகாகத் தெரிவதும் தேனீக்கு உணவாவதும் ஒன்றல்ல. நர்சரியில் விற்கும் அடுக்குப் பூக்கள் பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும். இதழ் கூடக் கூட மகரந்தம் குறையும். சிலவற்றில் பூந்தேன் இருந்தாலும் இதழ்க் கூட்டத்தைத் தாண்டி அதை எட்ட முடியாது. தேனீ வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

தும்பைப் பூ சின்னதுதான், ஆனால் அதன் அமைப்பு முழுக்கப் பூச்சிகளுக்கானது. கீழுதடு அகலமாக விரிந்திருக்கும், தேனீ வந்து இறங்குவது அதன்மேல். மேலுதடு வெள்ளை மயிர் அடர்ந்து குல்லாய் மாதிரி கவிந்திருக்கும், மகரந்தப் பைகள் அதற்குள் இருக்கின்றன. பூந்தேன் குழலின் அடியில் இருப்பதால் தேனீ தலையை உள்ளே நுழைத்துத்தான் குடிக்க வேண்டும். அப்போது மேலிருக்கும் மகரந்தம் அதன் தலையிலும் முதுகிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஒரு பூங்கொத்தில் எல்லாப் பூவும் ஒரே நாளில் மலர்ந்து தீர்ந்துவிடுவதில்லை. சில பூக்கள் உதிர உதிர வேறு சில திறக்கும். இப்படி ஒரே செடி பல வாரம் தொடர்ந்து உணவு கொடுக்கும். வெளியில் உணவு என்றைக்குக் கிடைக்கும் என்று தெரியாத தேனீக்கு இந்தத் தொடர்ச்சி பெரிய விஷயம்.

இன்னொன்று, இது நம் மண்ணின் செடி. மழை பெய்தால் முளைத்து, வெயிலில் பூத்து, கோடையில் விதை உதிர்த்துக் காய்ந்துவிடும். இந்த வாழ்க்கைச் சுற்று நம் பருவத்தோடு ஏற்கெனவே பொருந்தியிருப்பதால் நாம் செய்ய வேண்டிய வேலை குறைவு.

நான் பார்ப்பது தும்பைதானா என்று எப்படி உறுதி செய்வது?

தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாக இருக்கும், துளசித் தண்டு போல. இரண்டும் ஒரே குடும்பம்தான். இலை குறுகி நீண்டிருக்கும், எதிரெதிராக வரும், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும், கசக்கினால் காரமான மணம் வரும். பூக்கள் தண்டின் கணுவைச் சுற்றியும் நுனியிலும் உருண்டைக் கொத்தாக இருக்கும். பூ சுத்த வெள்ளை. செடி பெரும்பாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாது.

பெயரில் தும்பை இருப்பதெல்லாம் இதன் உறவு அல்ல. காசித்தும்பை வேறு குடும்பத்தைச் சேர்ந்த தோட்டப் பூ. கவிழ்தும்பையும் வேறு குடும்பம்தான். அதன் பூ வெளிர்நீலமாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விதை கேட்டு வாங்கும்போது பெயரை மட்டும் நம்பாமல் செடியைப் பார்த்து வாங்குங்கள்.

யார் யார் வருவார்கள்?

காலையில் வெயில் ஏறும் நேரத்தில் செடிக்குப் பக்கத்தில் கொஞ்சம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். பலரும் எதிர்பார்ப்பது பெட்டியில் வளர்க்கும் தேனீயை மட்டும். அதுவும் வரும். உடல் சிறிதாகவும் வயிற்றின் முன்பகுதி செம்பழுப்பாகவும் இருந்தால் அது கொம்புத் தேனீ. புதரின் கிளையில் ஒற்றை அடை கட்டி வாழ்வது அதுதான். எறும்பை விடக் கொஞ்சம்தான் பெரியது என்று சொல்லும்படி கறுப்பாக ஒன்று வந்தால், அது கொடுக்கில்லாத கொசுத் தேனீயாக இருக்கலாம். சுவர் வெடிப்பிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீலப்பட்டைத் தேனீ. கறுப்பு வயிற்றில் பளிச்சென்ற நீல வளையங்கள் இருக்கும், சத்தம் உச்ச ஸ்தாயியில் கேட்கும். ஒரு பூவின் முன் அந்தரத்தில் நின்று, நீண்ட நாக்கை நீட்டியபடியே உள்ளே பாய்ந்து, நொடியில் அடுத்த பூவுக்குப் போய்விடும். போட்டோ எடுக்க நினைத்தால் நல்ல பொறுமை வேண்டும். இது கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் மண்ணிலோ மண்சுவரிலோ தனியாகக் குழி தோண்டிக் கூடு கட்டும். ஆண் தேனீக்களுக்கு வீடே கிடையாது. மாலையில் ஒரு காய்ந்த குச்சியைத் தாடையால் கடித்துக்கொண்டு வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். தோட்டத்தில் அப்படி ஒரு குச்சி இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள்.

பட்டாம்பூச்சிகளில் சிறியவை அதிகம் வரும். புல்வெளியில் தாழப் பறக்கும் நீலங்கள், மஞ்சள்கள், வேகமாகத் துள்ளிப் பறக்கும் துள்ளிகள் எல்லாம் தும்பையில் உட்காரும். மெல்லிய உறிஞ்சுகுழலை மட்டும் உள்ளே விட்டுக் குடிப்பதால், பல நேரம் மகரந்தத்தைத் தொடாமலே பசியாறிவிடும். மகரந்தத்தைச் சுமப்பதில் தேனீதான் இந்தப் பூவுக்கு நல்ல கூட்டாளி.

வெள்ளைப் பூவோடு பூவாக ஒரு நண்டுச் சிலந்தி பதுங்கியிருந்து தேனீயைப் பிடிப்பதையும் சில நாள் பார்க்க நேரிடும். மனசு கஷ்டப்படும்தான். இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். அதுவும் இந்தத் தோட்டத்தை நம்பி வந்ததுதான்.

விதை எங்கே கிடைக்கும்?

காய்ந்த தும்பைச் செடியிலேயே. பூங்கொத்து பழுப்பாகிக் காய்ந்த பிறகு ஒரு காகிதத்தின்மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் பொடி விதைகள் கொட்டும். ஒவ்வொரு பூவுக்கும் நான்கு விதை வரை இருக்கும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிடாமல், பாதிக்கு மேல் அங்கேயே உதிர விட்டுவிடுவது நியாயம். களைக்கொல்லி தெளிக்கும் வயலோரத்திலிருந்து எடுக்க வேண்டாம்.

வேரோடு பிடுங்கி வந்து நட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். இளநாற்றாக இருந்து, வேரைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்தால் பிழைக்கும். பூத்த செடியைப் பிடுங்கி நட்டால் பெரும்பாலும் வாடிவிடும்.

எப்போது, எப்படி விதைப்பது?

உங்கள் பகுதியில் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் விதையுங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் இடங்களில் அக்டோபர் தொடக்கம் சரியாக இருக்கும். மழை ஓய்ந்து வெயில் திரும்பும்போது பூக்கத் தொடங்கி, மார்கழி, தை முழுக்கப் பூத்து நிற்கும்.

மண்ணை ஆழமாகக் கொத்த வேண்டியதில்லை. மேல்மண்ணை லேசாகக் கீறிவிட்டு, விதையைக் கொஞ்சம் மணலோடு கலந்து தூவுங்கள். மணல் கலந்தால் விதை ஒரே இடத்தில் குவியாது. பிறகு உள்ளங்கையால் அழுத்திவிட்டால் போதும். பொடி விதை ஆழத்தில் போனால் மேலே வரத் திணறும். மழை வரும்வரை பூவாளியால் நனைத்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துவிடும்.

முளைக்கவில்லை என்று உடனே மண்ணைப் புரட்டிவிடாதீர்கள். சில விதைகள் அடுத்த நல்ல மழைக்குக் காத்திருக்கும்.

மாடியில் தொட்டியில் வருமா?

நன்றாக வரும். பத்து அங்குலத் தொட்டியில் மூன்று செடி வைக்கலாம். அடியில் நீர் வடியும் ஓட்டை அவசியம். குறைந்தது ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் செடி நீண்டு மெலிந்து சாயும், பூவும் குறையும்.

எத்தனை செடி வேண்டும்?

ஒன்றிரண்டு போதாது. ஒரு தேனீ கூட்டிலிருந்து கிளம்பினால், அந்தச் சுற்று முழுக்கப் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே தேடிப் போகும். ஒற்றைச் செடிக்காக அது மெனக்கெடுவது அபூர்வம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் பத்துப் பன்னிரண்டு செடிகள் சேர்ந்து நின்றால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். தொட்டிகளில் வளர்த்தால் அவற்றை மாடியெங்கும் பிரித்து வைக்காமல் ஒரே மூலையில் நெருக்கமாக வையுங்கள்.

உரம்?

வேண்டாம். தொட்டி மண்ணில் ஒரு கைப்பிடி மக்கிய உரம் கலந்திருந்தால் அதுவே அதிகம். தழைச்சத்து கூடினால் இலைதான் பெருகும்.

என் காய்கறிச் செடிகளுக்கு இதனால் பயன் உண்டா?

உண்டு, அது எப்படி என்பதுதான் சுவாரஸ்யம். கத்தரிப் பூவிலும் தக்காளிப் பூவிலும் பூந்தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான் உண்டு. அந்த மகரந்தமும் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும், நுனியிலோ பக்கத்திலோ உள்ள சிறு திறப்பு வழியாகத்தான் வெளியே கொட்டும். நீலப்பட்டைத் தேனீயும் தச்சுத் தேனீயும் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் அதிரவைக்கும். அந்த அதிர்வில் மகரந்தம் கொட்டும். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்றில் ஆடுவதாலேயே தக்காளி ஓரளவு காய்த்துவிடும், ஆனால் இந்த அதிர்வு கிடைத்தால் காய் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

அந்தத் தேனீ கத்தரியில் மகரந்தம் எடுக்கலாம், பறப்பதற்கான சக்திக்குப் பூந்தேனை வேறெங்காவது தேட வேண்டும். பக்கத்திலேயே தும்பை பூத்திருந்தால் அது உங்கள் தோட்டத்திலேயே தங்கும். அதனால் கத்தரிப் பாத்தியின் ஓரத்தில் ஒரு வரிசை தும்பை விடுவது வெறும் அலங்காரம் அல்ல. பூசணி, பாகல், பீர்க்கு போன்றவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி என்பதால் அவற்றுக்கும் பூச்சி வந்தே ஆக வேண்டும்.

தும்பையில் பூச்சி விழுந்தால் என்ன தெளிப்பது?

எதுவும் தெளிக்க வேண்டாம். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மாவுப்பூச்சி பிடித்த கிளையை வெட்டி எடுத்துவிடுங்கள். கொஞ்ச நாளில் பொறிவண்டும் அதன் புழுவும் வந்து அசுவினியைத் தின்னத் தொடங்கும். பொறுமையாக விட்டால் கணக்கு சரியாகிவிடும்.

இயற்கை மருந்துதானே என்று வேப்பெண்ணெய்க் கரைசலைப் பூவின்மேல் அடிப்பவர்கள் நிறைய. தேனீயும் ஒரு பூச்சிதான் என்பதை மறந்துவிடுகிறோம். பக்கத்துக் காய்கறிச் செடிக்கு அடித்தே ஆக வேண்டுமானால், தேனீக்கள் அடங்கிய மாலை நேரத்தில், பூவைத் தவிர்த்து, இலையின் அடிப்பக்கம் மட்டும் தெளியுங்கள்.

இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற மருந்துகள் வீட்டுத் தோட்டத்துக்குள்ளேயே வரக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இவற்றைச் செடி உள்ளே இழுத்துக்கொள்ளும். வேரில் ஊற்றினாலும் மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போய்ச் சேரும். ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இந்த இரண்டையும் இதே வகைப் பூச்சிமருந்தான குளோத்தியானிடினையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்தத் தடை விதித்ததற்குத் தேனீக்களுக்கு வரும் ஆபத்தே காரணம். நர்சரியிலிருந்து பூச்செடி வாங்கும்போதும் என்ன மருந்து அடித்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

குழந்தைகள் இருக்கிற வீடு. தேனீ கொட்டாதா?

பூவில் வேலையாக இருக்கும் தேனீ, நாம் நசுக்கவோ பிடிக்கவோ செய்யாதவரை பொதுவாகக் கொட்டாது. கூட்டைக் கலைத்தால்தான் கும்பலாகத் தாக்கும். தும்பைக்கு வருபவை உணவு தேடி வருபவை, அங்கே காக்க வேண்டிய கூடு எதுவும் இல்லை. தனித்து வாழும் தேனீக்கள் இன்னும் சாது. இருந்தாலும் செருப்பில்லாமல் பூவுக்குள் ஓடக் கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். வீட்டில் யாருக்காவது தேனீக் கொட்டால் ஒவ்வாமை வந்த வரலாறு இருந்தால், வாசலுக்கும் துணி காயும் இடத்துக்கும் தள்ளி நடுங்கள்.

பட்டாம்பூச்சி தும்பையில் முட்டையிடுமா?

தும்பை அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை, பிரசவ ஆஸ்பத்திரி வேறு. ஒவ்வொரு இனமும் தன் புழு தின்னக்கூடிய குறிப்பிட்ட செடியைத் தேடிப்போய்த்தான் முட்டையிடும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பறவை எச்சம் போலக் கிடக்கும் புழு, பின்னால் பெரிய அழகான பட்டாம்பூச்சியாகும். எருக்கில் வரிவரியாக ஊரும் புழு, ஆரஞ்சு நிற வெந்தய வரியனாகும். ஆவாரையிலும் சில மஞ்சள் பட்டாம்பூச்சிகள் முட்டையிடும். இலை கொஞ்சம் கடிபட்டால் பதறாதீர்கள். கறிவேப்பிலை மீண்டும் தழைத்துவிடும்.

செடி வைத்துப் பூவும் வந்துவிட்டது. தேனீ மட்டும் வரவே இல்லை. என்ன காரணம்?

முதல் பருவத்தில் இது சகஜம். ஆனால் பூ மட்டும் இருந்தால் போதாது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உலகில் இதுவரை அறியப்பட்ட தேனீ இனங்கள் இருபதாயிரத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பான்மை மண்ணுக்குள் கூடு கட்டுபவை. வீட்டைச் சுற்றி ஒரு அங்குலம் விடாமல் சிமெண்டும் டைல்ஸும் போட்டுவிட்டால், அவை வந்து சாப்பிட்டுப் போகலாமே தவிர அங்கே குடும்பம் நடத்த முடியாது.

வெயில் படும் ஓரத்தில் ஒரு பாய் அளவு மண்ணை வெறுமையாக விடுங்கள். அதைக் கொத்த வேண்டாம், மூடாக்குப் போட வேண்டாம், தண்ணீர் தேங்க விட வேண்டாம். மாடி வீடானால் ஒரு பெரிய தொட்டியில் மணல் கலந்த செம்மண்ணை நிரப்பிச் செடி நடாமல் வையுங்கள். அப்புறம் மெல்லிய மூங்கில் குச்சிகளை, ஒரு முனை கணுவால் அடைத்திருக்கும்படி வெட்டிக் கட்டாகக் கட்டி, மழை நனையாத இடத்தில் தொங்கவிடுங்கள். இலைவெட்டித் தேனீ அதில் கூடு கட்ட வரலாம். ரோஜா இலையின் ஓரத்தில் அச்சு வைத்து வெட்டியது போல வட்ட வட்டமாக வெட்டியிருந்தால் அதன் வேலைதான், நோய் அல்ல. தண்ணீருக்கு ஆழமில்லாத தட்டில் கூழாங்கற்களை அடுக்கி, கல் மூழ்காத அளவு ஊற்றி வையுங்கள். கொசு முட்டையிடாமலிருக்க அடிக்கடி மாற்றிவிடுங்கள்.

பரவித் தோட்டத்தையே பிடித்துவிடாதா?

விதை விழுந்த இடத்தைச் சுற்றி அடுத்த பருவத்தில் நிறைய முளைக்கும். ஒருபருவச் செடி, வேரும் ஆழமில்லை. ஈரமான மண்ணில் இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். வேண்டிய இடத்தில் விட்டு மற்றதைக் களைந்தால் முடிந்தது.

பட்டாம்பூச்சி நிறைய வருகிறதே, உண்ணிச்செடி வைக்கலாமா?

வைக்காதீர்கள். வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, பறவைகள் மூலம் காட்டுக்குள் பரவி, நம் செடிகள் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்ட செடி. வீட்டில் பூத்த ஒரு செடியின் பழம் எங்கே போய் விழும் என்று நமக்குத் தெரியாது. வெட்டுக்காயப் பூண்டும் வெளியிலிருந்து வந்ததுதான், அதுவும் தேனீக்கு உணவு தருகிறது. புல்தரையில் தானாக வந்திருந்தால் அதைத் துரத்தியடிக்கச் சொல்ல மாட்டேன். நாமே தேர்ந்தெடுத்து நடும்போது மட்டும் நம் மண்ணின் செடிக்கு முதலிடம் கொடுப்போம்.

கூடவே தேன் பெட்டியும் வைக்கலாமா?

சிறிய தோட்டத்தில் வேண்டாம் என்பேன். ஒரு பெட்டியில் பல ஆயிரம் தேனீக்கள் இருக்கும். பத்துச் செடித் தும்பையின் பூந்தேனை அவை முதலில் எடுத்துவிட்டால் தனித்து வாழும் காட்டுத் தேனீக்களுக்கு என்ன மிஞ்சும்? தேன் எடுப்பது உங்கள் நோக்கமானால் சுற்றுவட்டாரத்தில் மரங்கள் பூக்கிற இடமாகப் பாருங்கள்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா?

கொண்டுபோக வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் விதை கொண்டுவர மிகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்குள்ள தேனீக்களுக்கு அங்குள்ள செடிதான் பழக்கம். தும்பையின் குடும்பத்திலேயே உங்கள் பகுதியின் செடி ஒன்று பெரும்பாலும் இருக்கும். வட அமெரிக்காவில் மொனார்டா, ஐரோப்பாவில் காட்டு ஓரிகனோ. தண்டு அதே நான்கு பட்டை, பூவின் இரண்டு உதடும் அப்படியே. நெருக்கமாக நடுவது, மருந்து தவிர்ப்பது, வெறும் மண் விடுவது எல்லாம் அங்கும் பொருந்தும்.

கோடையில் செடி காய்ந்துவிட்டது. பிடுங்கிவிடலாமா?

விதை முழுக்க உதிரும்வரை விடுங்கள். பார்க்க நன்றாக இல்லை என்றால் நடைபாதையை ஒட்டியவற்றை மட்டும் எடுங்கள். எடுப்பதையும் எரிக்காமல் ஒரு மூலையில் சாய்த்து வைத்தால் மீதி விதை அங்கே உதிரும். இந்த இடைவெளியில் தேனீக்களுக்கு உணவு குறையாமல் இருக்கத் துளசியில் சில செடிகளைக் கதிர் கிள்ளாமல் பூக்க விடுங்கள். இடமிருந்தால் துத்தியும் ஆவாரையும் வையுங்கள். ஆவாரை கத்தரியைப் போலவே மகரந்தம் மட்டும் கொடுக்கும், தச்சுத் தேனீக்கு அது ரொம்பப் பிடிக்கும். தண்ணீர் வசதி இருந்தால் ஒரு தொட்டித் தும்பையை மாசியில் தனியாக விதைத்து நனைத்து வந்தால் வெயில் காலத்திலும் ஓரளவு பூ கிடைக்கும்.